கோயாவைப் பார்க்க இன்னோர் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மாட்ரிட் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஸ்பெயின் ஓவியர் கோயாவுக்காகப் பிராடோ அருங்காட்சியகத்தில் ஒரு நாள் முழுக்க இருங்கள் என்று எழுதியிருந்தது சரிதான். ஆனால் அதே ஊரில் அவர் வரைந்த ஒரு குவிமாடம் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது.

மன்சனாரெஸ் ஆற்றின் பக்கம், பிரின்சிபே பியோ ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சான் அந்தோனியோ தெ லா ஃபுளோரிதா என்று பெயர். அரசர் நான்காம் கார்லோஸ் கட்டுவித்த சிற்றாலயம். 1798இல் சில மாதங்களுக்குள் கோயா அதன் உட்புறத்தை வரைந்து முடித்தார். அதற்குச் சில வருடங்கள் முன்பே, ஒரு நோயில் அவருக்குக் காது கேட்காமல் போயிருந்தது.

குவிமாடத்தில் இருப்பது, நாம் கோடி அற்புதர் என்று கொண்டாடும் புனித அந்தோணியாரின் புதுமை, அதாவது அவர் செய்த ஓர் அற்புதம். லிஸ்பனில் ஒரு கொலை. பழி அவருடைய தகப்பனார் மேல். இத்தாலியில் இருந்த அந்தோணியார் அங்கே வந்து, செத்தவனை எழுப்பிச் சாட்சி சொல்ல வைக்கிறார். செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்தில் சின்ன வயதில் கேட்ட கதை. கோயா அதைத் தன் காலத்து மாட்ரிட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். சுற்றிலும் ஒரு கம்பித் தடுப்பை வரைந்து, அதன் பின்னால் தெரு ஜனங்களை நிறுத்தியிருக்கிறார். முக்காடு போட்ட பெண்கள், கிழவர்கள், தடுப்பின் மேல் ஏறும் பிள்ளைகள். பல பேர் புதுமையைப் பார்க்கவே இல்லை, அவரவர் பேச்சில் இருக்கிறார்கள். மேலே வானத்தில் இருக்க வேண்டிய வானதூதர்களைக் கீழே வளைவுகளுக்கு இறக்கிவிட்டு, உச்சியில் மனிதர்களை வைத்திருக்கிறார். எங்கள் ஊர்த் திருவிழாக் கூட்டத்தையே அண்ணாந்து பார்ப்பதுபோல இருந்தது. கழுத்து வலித்தும் நகர மனம் வரவில்லை.

பிரான்சில் போர்தோ நகரில் 1828இல் இறந்த கோயாவின் எலும்புகளை 1919இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கல்லறையைத் தோண்டியபோதே மண்டையோடு இல்லை. இன்றுவரை அது கிடைக்கவில்லை. தன் ஓவியத்துக்குக் கீழேயே அவர் படுத்திருக்கிறார் என்பதை நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

அப்புறம் ஒன்று. மெழுகுதிரிப் புகையில் ஓவியங்கள் கெட்டுப்போகின்றன என்று 1928இல் பக்கத்திலேயே அச்சாக அதேபோல இன்னொரு கோயிலைக் கட்டி, பூசையை அங்கே மாற்றினார்கள். ஓவியமும் தப்பியது, கும்பிட வருகிறவர்களுக்கும் இடம் இருந்தது. இதைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அடுத்த இதழில் ஒரு சின்னக் குறிப்பாவது போடுங்கள். இரண்டு கட்டடமும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே இருக்கும், எதில் ஓவியம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு உள்ளே போகச் சொல்லுங்கள். அனுமதி இலவசம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தூத்துக்குடி