தையல் மிஷின் காலுக்குத் துரு எடுக்க

பாபநாசம்,
ஆவணிக் கடைசி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. இங்கே குறுவை அறுப்பு நடக்கிறது, ரோட்டில் பாதி நெல் காய்கிறது. நீ கேட்ட சிங்கர் மிஷின் காலுக்கு, அதாவது மிதிபலகையுள்ள இரும்பு ஸ்டாண்டுக்கு, துரு எடுத்து பெயிண்ட் அடிக்கும் வேலையை ஐப்பசிக்கு முன்னால் முடித்துவிடு. அடைமழையில் அடிக்கும் பெயிண்ட் அடியில் ஈரத்தோடு நிற்கும், தைக்குள் கொப்பளிக்கும்.

முதலில் சுத்தியலைத் தூர வை. அந்தக் கால் வார்ப்பிரும்பு; வளையாது, விரிசல் விடும். சாதாரண ராடால் வெல்டிங் வைத்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். சூடேற்றி நிக்கல் ராட் போட வேண்டும், இல்லையேல் பித்தளைப் பற்று. அதற்குப் பொறுமையுள்ள பட்டறை கிடைப்பது அபூர்வம். இறுகிய போல்ட்டுக்கு மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து இரண்டு மூன்று நாள் விட்டுக்கொண்டே இரு. பிறகு ஸ்பேனரை இறுக்கும் பக்கம் இம்மியளவு அசை. மரையில் துரு உடைந்தால் கழன்றுவரும்.

உங்கள் நாகப்பட்டினத்துக் காற்றில் உப்பு உண்டு, அது துருவுக்குள் ஒளிந்திருக்கும். போர் தண்ணீரில் கழுவாதே, அதுவும் உப்பு. குழாயில் கொள்ளிடத் தண்ணீர் வரும்போது நன்றாகக் கழுவி வெயிலில் வை. சமதளத்துக்கு கிரைண்டரில் கம்பி பிரஷ் போதும், கொடிபோல் வளையும் வேலைப்பாட்டுக்குள் கைபிரஷ்தான். ஆனால் பழைய கறுப்புப் பூச்சில் ஈயம் இருக்கலாம், அது இருக்கும் இடத்தில் கிரைண்டர் வேண்டாம்; மண்ணெண்ணெய் தொட்டு ஈரமாகவே கையால் தேய், முகமூடி போடு. மிச்சத் துருவுக்குப் பாஸ்பாரிக் அமில ரிமூவர். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம்; அதன் குளோரைடு மூலைகளில் தங்கி மறுபடி துருவைக் கிளப்பும்.

ஸ்க்ரூ, நட்டு போன்ற சிறுசுகளுக்கு பிளாஸ்டிக் வாளியில் கரண்ட் விட்டுத் துரு கழற்றும் வைத்தியம்: பத்து லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். சாமானுக்கு மைனஸ், பழைய இரும்புத் துண்டுக்கு பிளஸ், இரண்டும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், ஒன்றையொன்று தொடக்கூடாது. பிளஸ்ஸில் எவர்சில்வர் கட்டாதே, நச்சுக் குரோமியம் இறங்கும். திறந்த இடத்தில் வை, ஹைட்ரஜன் வரும்.

சுத்தமான வார்ப்பிரும்பு நம் காற்றில் ஒரு ராத்திரியிலேயே மஞ்சளிக்கும். அதனால் மதிய வெயிலில் கை வைக்க முடியாத அளவு காயவிட்டு, சூடு தணிந்ததும் அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடு. மறுநாள் உப்புத்தாள், அப்புறம் கறுப்பு எனாமல் மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் ஒருநாள். புடைத்த எழுத்துக்குத் தங்க பெயிண்டை பிரஷ்ஷால் தீட்டாதே. ஸ்பாஞ்சில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி, ஏறக்குறைய வறண்டதும் எழுத்து மேல் தட்டு, பள்ளத்தில் இறங்காது.

பெயிண்ட் படக்கூடாத இடங்கள்: பெல்ட் ஓடும் பள்ளம், மிதிபலகை தொங்கும் கூம்பு ஸ்க்ரூ முனைகள், அவை உட்காரும் குழி. கூம்பை ஆட்டமில்லாத அளவுக்குத் திருகி லாக் நட்டைப் போடு. நட்டு இறுகும்போது ஸ்க்ரூவும் கூடவே நகரும், மறுபடி பார். பெல்ட் இல்லாமல் பெரிய சக்கரத்தைச் சுழற்றிவிடு; சட்டென்று நின்றால் எங்கோ இறுக்கம். "டொக் டொக்" என்றால் மிதியையும் சக்கரத்தையும் சேர்க்கும் தண்டின் முனை தளர்வு. புதுத் தோல் பெல்ட் நீளும், கொஞ்ச நாளில் வெட்டிக் குறைக்கும்படி இருக்கும். ரொம்ப இறுக்கினால் மிதிக்கிறவர் கால்தான் வலிக்கும்.

சக்கரத்தின் நடுவில் பால்ரஸ் (குண்டு பேரிங்) இருக்கிறதா, கூம்பா என்று பார்த்து எழுது. பால்ரஸ் என்றால் கிரீஸ், கூம்பென்றால் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.

அன்புடன்,
ராமு