கடைசியாக அழைக்கப்படுகிறவன் எழுதும் கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கைக்கு வந்து பதினைந்து நாட்கள் ஆகின்றன. மூன்று தளங்களில் ஒரே நேரத்தில் நடவு நடந்ததால் உட்கார்ந்து பதில் எழுத வாய்க்கவில்லை, பொறுத்துக்கொள். உன் மகள் வேலையில் சேர்ந்த செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. ஆனால் இத்தனை நாளும் என்னோடு கூடவே வந்துகொண்டிருந்தது உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான். பூங்காக்களும் சாலையோரங்களும் வரையும் நிறுவனத்தை விட்டு வெளியே வந்து, என்னைப் போல வீடுகளுக்கு மட்டும் தோட்டமும் முற்றமும் வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டாகத் தனியே நிற்கலாமா என்று கேட்டிருந்தாய். உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நீ பழகியிருக்கும் வேலையின் வரிசை வேறு. ஒரு பூங்காவில் நிலம்தான் வேலை; அதற்கென்றே நிதி ஒதுக்கி, அளவு எடுத்து, மண்ணைச் சோதித்த பிறகுதான் நீ பென்சிலை எடுக்கிறாய். வீட்டு வேலையில் நாம் கடைசியாக அழைக்கப்படுகிறோம். வீடு கட்டி, வண்ணம் அடித்து, திரைச்சீலையும் மாட்டி முடித்து, குடிவந்த ஒரு வாரத்தில் வாசலில் நின்று பார்க்கும்போதுதான் வெறும் மண்ணும் உடைந்த செங்கல்லும் அவர்கள் கண்ணில் படுகின்றன. அப்போது யாரோ ஒருவர் நம் எண்ணைக் கொடுக்கிறார். இத்தனை ஆண்டுகளில் நான் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்திலிருந்து கிளைத்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மண்ணையே எடுத்துக்கொள். ஓராண்டுக்கு மேலாக லாரியும் கலவை இயந்திரமும் ஏறி இறங்கிய இடம் அது. மேல்மண்ணை முதலிலேயே வழித்து ஒரு மூலையில் குவித்து வைக்கும்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அஸ்திவாரம் தோண்டிய அடிமண் அதன் மேல் பரப்பப்பட்டு, சிமென்ட் கழுவிய தண்ணீர் அதில் ஊறி, கடைசியில் பார்வைக்காக ஒரு சாண் செம்மண் போட்டு மூடப்பட்டிருக்கும். ஒரு வீட்டில் நான் முதல் நாள் கடப்பாரையை ஓங்கிப் போட்டபோது அது விரற்கடை ஆழம் இறங்கி, டங் என்று திரும்பி வந்தது. அங்கேயே 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டுவிட்டு வந்தேன். மணிக்கு இரண்டு மூன்று செ.மீ. இறங்கினால் கவலையில்லை. மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது தண்ணீர் ஏறத்தாழ அதே கோட்டில் நின்றது. அதில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் என் கையில் செடிப் பட்டியலை எதிர்பார்த்து நின்றார். நானோ, முதலில் மண்ணை ஆழமாகக் கிளறி, மட்கிய எரு கலந்து, வடிகால் குழாய் பதிக்க வேண்டும் என்றும், இந்தச் செலவில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. பெரும்பாலான மரங்களின் வேர்களில் மிகுதியானவை மேலே உள்ள 60 செ.மீ. மண்ணுக்குள்தான் பரவுகின்றன, அந்த 60 செ.மீ. காறைபோல இறுகியிருந்தால் எவ்வளவு நல்ல கன்றை வாங்கி வைத்தாலும் பூந்தொட்டியில் வைத்த கதைதான். இதைப் புரியவைப்பது எந்த வரைபடத்தைவிடவும் கடினமான வேலை.

அடுத்தது மட்டம். நாம் போய்ச் சேரும்போது வாசற்படியின் உயரமும், சாக்கடை மூடியின் உயரமும், தெருவின் உயரமும் ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் நம் வித்தை எல்லாம். தளம் போட்ட பகுதிக்கு, தண்ணீர் ஓட மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம், அதாவது சரிவு, என்று உனக்கும் எனக்கும் மனப்பாடம். ஐந்து மீட்டர் முற்றத்துக்கு அது 10 செ.மீ. அந்தப் பத்து செ.மீ. எங்கிருந்து வரும்?

என் ஆரம்ப கால வேலை ஒன்றில் நடந்ததை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. வீட்டில் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி இருந்தார். கூடத்திலிருந்து வெளி முற்றத்துக்குப் படி இல்லாமல் சமமாக வர வேண்டும் என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. வெளித்தளம், மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் ஈரத்தடுப்புப் படலத்துக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியாததல்ல. சமமாக வைத்தே ஆக வேண்டுமென்றால் நிலைவாசலை ஒட்டி நீளவாக்கில் கம்பி மூடியிட்ட ஒரு வடிகால் வைத்து, தளத்தைச் சுவரிலிருந்து விலக்கி, வாட்டத்தை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும் என்பதும் தெரியும். வரைபடத்தில் அந்த வடிகாலைப் போட்டும் இருந்தேன். செலவு மிஞ்சுகிறது என்று ஒப்பந்தக்காரர் அதை விட்டுவிட்டார். நான் அந்த வாரம் தளத்துக்குப் போகவில்லை. உன்னிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தைப் பிறகு வைத்துப் பார்த்தபோது குமிழி வீட்டுப் பக்கம் உயரம் குறைவு என்று காட்டியது. முதல் கனமழையில் கூடத்து மரத்தரை முழுவதும் ஊறி உப்பிவிட்டது. கூரைத் தண்ணீரும் அந்த முற்றத்தில்தான் விழுந்தது. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அந்த 2,500 லிட்டர் எந்த வழியாகப் போகும் என்பதைத் தளத்தில் நின்று பார்க்காதது என் தவறு. உடைத்துத் திரும்பச் செய்த செலவில் என் பங்கைக் கொடுத்தேன். அன்றிலிருந்து கல் பாவும் நாளில் நான் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை.

படிகளும் அப்படியே. வீட்டுக்குள் படிக்கட்டு கட்டிப் பழகிய கொத்தனார் வெளியேயும் 17, 18 செ.மீ. உயரம் வைத்துவிடுவார். திறந்த வெளியில் மனிதன் அகலமாக அடி எடுத்து வைக்கிறான். 12 முதல் 15 செ.மீ. உயரமும் கால் வைக்க 35 செ.மீ.க்குக் குறையாத மிதியும் இருந்தால்தான் கால் தடுக்காது. இரண்டு உயரமும் ஒரு மிதியும் சேர்ந்து ஏறத்தாழ நடையில் ஓர் எட்டு வைக்கும் நீளமாக வர வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளோந்தெல் சொன்ன கணக்கு இன்றும் பொய்க்கவில்லை.

கடைசியாகப் போவதன் இன்னொரு பலன், உள்ளே நுழைய வழியே இல்லாமல் போவது. மதில் எழும்பி, வாசற்கதவும் பொருத்தியாகிவிட்டால் மண்வெட்டி இயந்திரம் எந்த வழியாகப் பின்கட்டுக்குப் போகும்? 90 செ.மீ. சந்து வழியாக இருபது கன மீட்டர் மண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுபோன வேலை எனக்கு உண்டு. ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை என்பதை நினைத்துப் பார். கூலி எங்கே போய் நிற்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதே எடைக் கணக்கைத்தான் மாடித் தோட்டம் கேட்பவர்களிடமும் சொல்கிறேன்; பொறியாளர் கையெழுத்து இல்லாமல் ஒரு தொட்டியைக்கூட வரைவதில்லை. ஆள் மார்பளவு உயரும் தாங்கு சுவருக்கும் அதே விதிதான். அதன் பின்னால் ஜல்லியும் வடிகுழாயும் வைக்காமல் விட்டால், மண் தள்ளுவதற்கு முன்பே தேங்கிய தண்ணீர் சுவரைத் தள்ளிவிடும்.

பணத்தைப் பற்றிக் கேட்டாய். நாம் போய்ச் சேருமுன்பே வீட்டுக்காரரிடம் பணம் தீர்ந்திருக்கும் என்பதுதான் முதல் உண்மை. சமையலறை அலமாரிக்கு எவ்வளவு ஆகும் என்று எல்லோரும் விசாரித்து வைத்திருப்பார்கள். தோட்டத்துக்கு எவ்வளவு ஆகும் என்ற எண்ணமே இருக்காது. அதனால் தொகையை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடு. சொல்லத் தயங்கினால், நீயே குறைந்ததும் கூடியதுமாக இரண்டு தொகைகளைச் சொல்லி முகத்தைப் பார். முதல் வருகைக்குக் கட்டணம் வாங்கு. இலவசமாகப் போன வீடுகளில் நான் இரண்டு மணி நேரம் யோசனை சொன்னேன், அவர்கள் அதைக் குறித்துக்கொண்டு ஒரு நர்சரிக்காரரை வைத்து முடித்துக்கொண்டார்கள். மொத்தத் தொகை, மணிக்கணக்கு, வேலைச் செலவில் விழுக்காடு என்று மூன்று முறைகளையும் செய்து பார்த்துவிட்டேன். விழுக்காட்டில் வாங்கும்போது நல்ல கல்லைப் பரிந்துரைத்தாலே நம் பங்குக்காகச் சொல்கிறோம் என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. வடிவமைப்புக்கு மொத்தத் தொகை, தள மேற்பார்வைக்கு வருகைக் கணக்கு என்பதே எனக்கு ஒத்துவந்தது. திருத்தம் இரண்டு முறைக்கு மேல் போனால் தனிக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவை. செடி விற்பவர் நமக்குக் கொடுக்கும் கமிஷனை ஒன்று வாங்காதே, அல்லது வீட்டுக்காரரிடம் அப்படியே காட்டிக் கழித்துவிடு.

வரைந்து கொடுத்துவிட்டு விலகுவதா, வேலையையும் எடுத்துச் செய்வதா என்ற உன் கேள்வி புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'கேப்பபிலிட்டி' பிரவுன் தோட்டத்தை வடிவமைத்து, தானே ஒப்பந்தம் எடுத்து முடித்தும் கொடுத்தார். அவருக்குப் பின் 1788-இல் தொழில் தொடங்கிய ஹம்ஃப்ரி ரெப்டன் ஆலோசனைக்கு மட்டும் கட்டணம் வாங்கினார். சிவப்புத் தோல் அட்டையிட்ட ஏடுகளில், ஒரு மடிப்பைத் தூக்கினால் இன்றைய காட்சி மறைந்து நாளைய காட்சி தெரியும்படி ஓவியம் தீட்டிக் கொடுத்தார். அந்த ஏடுகளைப் பலர் வரவேற்பறையில் வைத்து மகிழ்ந்தார்களே தவிர, அவர் தீட்டியவற்றில் பல நிலத்துக்கு வரவே இல்லை. நான் ரெப்டன் பக்கம். ஆனால் மேற்பார்வையை விட்ட ரெப்டனாக இருக்காதே. விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன முற்றம் இருக்கிறது.

அந்த மடிப்பு ஓவியத்தின் பேரப்பிள்ளைதான் இன்று நாம் கணினியில் செய்து காட்டும் படங்கள். அவற்றில் பத்து வயது மரம் முதல் நாளே நிழல் தருகிறது. வீட்டுக்காரர் அதைத்தான் வாங்கியதாக நினைக்கிறார். செடிகளை அவற்றின் முழு வளர்ச்சிக்கு ஏற்ற இடைவெளியில் வைத்தால், இதற்கா இவ்வளவு பணம் என்கிறார். நெருக்கி வைத்தால் மூன்றாம் ஆண்டில் ஒன்றையொன்று நெரித்துக் கொல்கின்றன. இப்போதெல்லாம் நட்ட அன்று எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு படம் போட்டுக் கொடுக்கிறேன். மெலிந்த குச்சிகளும், மண்ணை மூடப் பரப்பிய இலைதழை மூடாக்குமாக அது அழகாக இருக்காது. அதைப் பார்த்த பிறகும் கையெழுத்துப் போடுகிறவரோடுதான் வேலை சுகமாகப் போகிறது.

மனிதர்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். கணவருக்குப் புல்வெளி வேண்டும், மனைவிக்குப் பராமரிப்பே இல்லாத தோட்டம் வேண்டும். இருவரும் நம்மைத் தனித்தனியே தொலைபேசியில் அழைப்பார்கள். என்ன பிடிக்கும் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். துணி எங்கே காயப் போடுகிறீர்கள், குப்பைத்தொட்டி எங்கே நிற்கும், குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது, மாலையில் யார் வெளியே வந்து உட்காருவார்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் யார் கையால் தண்ணீர் விழும் என்று கேட்கிறேன். பதில்களை வரைபடத்திலேயே எழுதி, இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் காட்டுகிறேன். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடுகிறது; மீதிச் சண்டை நமக்கு உரியதல்ல.

நடவு நாளில் கண்ணை எடுக்காதே என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆட்கள் ஆழமாகக் குழி வெட்டுவதைப் பெருமையாகச் செய்வார்கள். குழி, கன்றின் வேரோடு வரும் மண்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம் வேண்டும், ஆழம் மண்கட்டியின் உயரத்துக்கு மேல் வேண்டாம். தூர் விரியும் இடம் மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும், மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது. ஆழப் புதைந்த மரம் உடனே சாகாது. ஐந்தாறு ஆண்டுகள் இழுத்துக்கொண்டு நின்று, யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாத காலத்தில் போய்ச் சேரும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வேலையை உடனே விடாதே. ஆறு மாதம் வருமானமில்லாமல் தாங்கும் பணம் கையில் இருக்கட்டும். நடவுப் பருவத்தில் மூச்சு விட நேரமிருக்காது, மற்ற மாதங்களில் தொலைபேசி ஒலிக்காது. வாரத்தில் ஒரு நாள் வரைந்தால் பெரிது. மீதி நாட்கள் தளத்திலும் நர்சரியிலும் பில் எழுதுவதிலும் போகும். விளம்பரத்துக்குச் செலவழிக்க நினைத்திருக்கும் பணத்தை வைத்துக்கொண்டு, வீடு கட்டித் தரும் ஆர்க்கிடெக்டுகள் நாலைந்து பேரைப் போய்ப் பார். அஸ்திவாரத்துக்குக் கோடு போடும் அன்றே உன்னை அழைக்கும்படி அவர்களைப் பழக்கு. எனக்கு அப்படி அழைக்கிறவர் இரண்டே பேர்தான். அவர்கள் வீடுகளில் மேல்மண் பத்திரமாகக் குவிந்திருக்கிறது, இருந்த மரத்தைச் சுற்றி வேலி நிற்கிறது, நிலைவாசலின் உயரத்தை வீட்டுக்காரர், ஆர்க்கிடெக்ட், நான் என மூவரும் சேர்ந்தே தீர்மானிக்கிறோம். என் வேலைகளில் நான் துணிந்து கூட்டிப்போய்க் காட்டக்கூடியவை பெரும்பாலும் அந்த இருவர் வழியாக வந்தவை.

அவற்றில் ஒன்றுக்கு இது எட்டாம் ஆண்டு. அடுத்த மாதம் கிளை கழிக்க ஆட்களோடு போகிறேன். முடிந்தால் அந்த இரண்டு நாட்களும் நீ கூட வா. மண்ணைக் கையில் எடுத்துப் பார், வீட்டுக்காரரிடம் நான் இல்லாதபோது பேசிப் பார். உன் ரசமட்டம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முனையில் ஒரு சிறு நசுங்கல் விழுந்துவிட்டது, ஆனால் குமிழி சரியாகவே நிற்கிறது. வரும்போது வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய வரைபலகைத் தோழன்