செகந்திராபாத்துக்கு, நன்றியுடன்

அன்புள்ள செகந்திராபாத் மக்களுக்கு,

ஊழியம் முடிந்து கோயம்புத்தூர் வந்து சேர்ந்தாயிற்று. வந்ததிலிருந்து பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “ரெண்டு வருஷம் அங்கே என்னதான் பண்ணிட்டு இருந்தே?” ஒரு நாளைச் சொன்னால் புரியாது, ஒரு வாரத்தைச் சொன்னால்தான் புரியும். ஆனால் வாரத்தைச் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு கிழமையிலும் உங்களில் யாராவது வந்து நிற்கிறீர்கள். சரி, இதை உங்களுக்கு நன்றி மடலாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். தெலுங்குக்காரர்களுக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். இது அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், நான் எங்கே போயிருந்தேன் என்று தெரியாத நம் ஊர்க்காரர்களுக்கும்.

எங்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்றால் பலருக்குத் தெரியும். 18 வயது ஆன பையன்கள் விருப்பப்பட்டால் இரண்டு வருடம் ஊழியத்துக்கு, அதாவது எங்கள் நம்பிக்கையைப் பற்றிச் சொல்லவும் மற்றவர்களுக்கு உதவவும், போகலாம், பெண்கள் ஒன்றரை வருடம். சம்பளம் கிடையாது, வீட்டிலும் சபையிலும்தான் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். எந்த ஊர் என்று நாம் கேட்டு வாங்க முடியாது, கடிதத்தில் வந்த இடத்துக்குப் போக வேண்டும். எனக்கு பெங்களூர் மிஷன், அதாவது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஊழியப் பகுதி, வந்தது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ஆட்களை மாற்றுவார்கள், அப்படி மாறி மாறி நான் அதிக காலம் இருந்தது செகந்திராபாத்தில். எப்போதும் இரண்டு பேராகத்தான் இருப்போம். கடைக்குப் போனாலும் இரண்டு பேர்தான். காலை ஆறரைக்கு எழுந்து, கொஞ்சம் உடற்பயிற்சி, அப்புறம் வேதம் படிப்பது, மொழி படிப்பது. ராத்திரி பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். நடுவில் இருக்கும் நேரம் முழுக்க மற்றவர்களோடுதான்.

திங்கள்கிழமை எங்களுக்குச் சொந்த வேலை பார்க்கும் நாள். துணி துவைத்து, வீடு பெருக்கி, மோண்டா மார்க்கெட்டில் காய்கறி வாங்கி, வீட்டுக்குப் போன் பேசும் நாள். 2019-க்கு முன்னால் ஊழியத்தில் இருந்தவர்கள் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான் வீட்டோடு பேச முடியும். எங்களுக்கு வாராவாரம் பேசலாம் என்று ஆகிவிட்டது. அந்த அரை மணி நேரத்துக்காக வீட்டுக்கார அம்மா தன் வீட்டு டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். நான் சொல்லவே இல்லை, அவராகச் செய்தது. அம்மா, அதை நான் கவனித்தேன். என் அம்மாவிடமும் சொன்னேன்.

முனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அண்ணாவுக்கு அடுத்த நன்றி. எங்களிடம் இருந்தது சில வெள்ளைச் சட்டைகள்தான், அதையே மாற்றி மாற்றிப் போட வேண்டும். மழைக்காலத்தில் துணி காயாது. பாதி ஈரத்தோடு கொண்டுபோய் நிற்போம். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் கரிப்பெட்டியை மெதுவாக ஓட்டி ஓட்டிக் காயவைத்துக் கொடுப்பார். கறுப்புப் பெயர்ப்பட்டையைச் சொருகிச் சொருகி என் சட்டைப் பையின் ஓரம் நைந்து போயிருந்தது. ஒரு நாள் திருப்பி வாங்கும்போது பார்த்தால் உள்பக்கமாக ஒரு சின்ன வெள்ளைத் துணி வைத்துத் தைத்திருக்கிறது. அவர் மனைவி தைத்தாராம். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இன்றைக்கும் அந்தச் சட்டையைத்தான் ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.

எங்கள் சபை வழக்கப்படி டீ, காபி இரண்டும் நாங்கள் குடிப்பதில்லை. ஈரானி சாய் ஊரில் இதைச் சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் மறுப்பது எவ்வளவு சங்கடம் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். விருந்தாளிக்கு டீ கொடுக்காமல் அனுப்ப அவர்களுக்கு மனம் வராது, குடிக்க எங்களால் முடியாது. ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் இருந்த பெரியவர்தான் முதலில் இதைச் சுலபமாக்கியவர். ஒரு தடவை காரணம் கேட்டார், சொன்னோம், அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்கள் தலை தெரிந்தாலே சூடான பாலும் உஸ்மானியா பிஸ்கட்டும் வந்துவிடும். “எங்களுக்கும் சாப்பாட்டில் ஹராம், ஹலால் இருக்கிறதே, எனக்குப் புரியாதா?” என்றார். ஐயா, உங்களுக்கு சலாம்.

இனி மெட்டுகூடா பகுதியில் இருக்கும் தாத்தா, பாட்டி. உங்களுக்கு நன்றி சொல்ல இந்த மடல் முழுக்க எழுதினாலும் போதாது.

மோண்டா மார்க்கெட்டில் நான் கத்தரிக்காய் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் தெலுங்கைக் கேட்டே “தம்பி, கோயம்புத்தூரா?” என்று தாத்தா கேட்டார். லாலாகூடா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்பா காலத்திலிருந்தே அங்கே இருக்கும் குடும்பம். வீட்டுக்கு வாருங்கள் என்றார். நாங்கள் முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு போவதில்லை, யாராவது கூப்பிட்டால்தான் போவோம். இவர் கூப்பிட்டார், போனோம். அதன் பிறகு வியாழக்கிழமை சாயங்காலம் என்றால் உங்கள் வீடு என்று ஆகிவிட்டது.

பாட்டி பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கு விடாமல் போகிறவர். முதல் நாள் இலை போட்டுப் புளியோதரை வைத்துவிட்டு, நாங்கள் தயங்கும் முன்னாலேயே சொன்னார்: “படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தனியா எடுத்து வெச்சுட்டேன்பா. தாராளமா சாப்பிடுங்க.” நம் ஊரில் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது என்ன என்று சொல்லாமலே தெரியும். வாங்கினாலும் மனசு உறுத்தும், வேண்டாம் என்றால் கொடுப்பவர் மனசு நோகும், அந்த ஒரு நிமிடம் தொண்டையில் நிற்கும். அந்த நிமிடமே எங்களுக்கு வராமல் பார்த்துக்கொண்டீர்கள், பாட்டி. அன்றைக்கு மட்டுமில்லை, நான் அந்த ஊரில் இருந்தவரை ஒவ்வொரு வியாழனும். மாதத்தின் முதல் ஞாயிறு நாங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் இரண்டு வேளை உபவாசம் இருந்து, அந்தச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்போம் என்று சொன்னபோது, “சஷ்டிக்கு ஆறு நாள் இருக்கிறவகிட்ட விரதத்தைப் பத்தி விளக்கணுமா?” என்று கேட்டுவிட்டு, அந்த ஞாயிறுகளில் சாயங்காலம் இட்லிப் பாத்திரத்தோடு பேரனை அனுப்பினீர்கள்.

பைபிளோடு நாங்கள் வேதமாகப் படிக்கும் மார்மன் புஸ்தகத்தைத் தாத்தா பென்சில் வைத்துப் படித்தார். சும்மா புரட்டவில்லை, ஓரத்தில் கேள்வி எழுதி வைத்து வியாழக்கிழமை கேட்பார். சிலவற்றுக்கு எங்களிடம் பதில் இருக்கும், சிலவற்றுக்கு வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வருவோம். கடைசியில் ஒரு நாள் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: “நான் சேர மாட்டேன் தம்பி. எங்கம்மா கும்பிட்ட சாமியை நான் விட மாட்டேன். அதுக்காக நீங்க வர்றதை நிறுத்தக் கூடாது.” பலர் எங்களிடம் முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, போனை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். முகத்துக்கு நேரே அன்போடு சொன்ன அந்த மறுப்புக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை தாத்தா. நான் நம்புவதை இன்றும் முழு மனதோடு நம்புகிறேன். அதை உங்களிடம் சொல்ல இடம் கொடுத்தீர்கள், பொறுமையாகக் கேட்டீர்கள். ஊழியக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

எனக்கு டைஃபாய்டு வந்த வாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவன் படுத்தால் மற்றவனும் வெளியே போக முடியாது. என்னோடு இருந்த எல்டர் (ஊழியத்தில் இருக்கும் பையன்களை எங்கள் சபையில் அப்படித்தான் கூப்பிடுவோம்) விசாகப்பட்டினத்துக்காரர், ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. நெற்றிக்கு ஈரத்துணி போட்டார், வாந்தி எடுத்த வாளியைக் கழுவினார், நான் தூங்காத நேரத்தில் தெலுங்கில் வேதம் வாசித்துக் காட்டினார். நைட் டியூட்டி முடித்த சபை நர்ஸ் அக்கா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே எங்கள் படியேறி, காய்ச்சல் பார்த்து, மாத்திரை நேரத்தைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார். ராகி ஜாவ, அதாவது கேழ்வரகுக் கஞ்சி, வீட்டுக்கார அம்மாவின் பொறுப்பு. நான் அரை டம்ளர் குடித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகர மாட்டார். எல்டர், உங்களை நான் அண்ணன் என்றுதான் இனிமேல் கூப்பிடப் போகிறேன்.

புதன்கிழமை இலவச ஆங்கில வகுப்புக்கு வந்த பிள்ளைகளே, நீங்கள் திருத்தித் திருத்தித்தான் என் தெலுங்கு தேறியது. வாரக் கடிதங்களுக்கு நேரம் ஒதுக்கிப் பதில் எழுதிய மிஷன் தலைவருக்கும் அவர் மனைவிக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமைகளில் யார் வீடு மாறினாலும் எங்களைப் பீரோ தூக்கக் கூப்பிட்டீர்களே, அதற்கும் நன்றி. நிஜமாகவே சொல்கிறேன். வேலைக்குக் கூப்பிட்ட பிறகுதான் நாங்கள் அந்தத் தெருவின் பையன்கள் ஆனோம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டோ ஓட்டும் சகோதரர். தன் குடும்பத்தைச் சபையில் இறக்கிவிட்டு, திரும்பிப் போய் நடக்க முடியாத பாட்டிமார்களை ஏற்றி வருவார், மறுபடி போவார். அப்பமும் தண்ணீரும் பகிரும் திருவிருந்து தொடங்கும்போது வியர்வையோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்வார். ஞாயிறு என்பது அவருக்கு நல்ல வருமானம் வரும் நாள், அதை அப்படியே கொடுத்துவிட்டார். மூத்த அங்கிளுக்கும் நன்றி. 2012-ல் எங்கள் சபையின் இந்தியாவின் முதல் ஸ்டேக் (பல உள்ளூர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) ஹைதராபாத்தில் அமைந்தபோது இருந்த சந்தோஷத்தையும், 2018-ல் பெங்களூரில் ஆலயம் (ஞாயிறு கூடும் சபைக் கட்டடம் இல்லை, விசேஷச் சடங்குகளுக்கான புனித இடம்) கட்டப்படும் என்று அறிவித்த அன்று அழுததையும் மதியச் சாப்பாட்டில் அவர் சொல்லும்போது, நான் பிறந்து வளர்ந்த சபையை முதல் தடவையாக வேறொருவர் கண்ணால் பார்த்தேன். முருங்கைக்காய் சாம்பார் எனக்காகவே வைத்த ஆன்ட்டியை மறக்கவில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும். நாங்கள் இருந்த வீட்டில் இப்போது புதிதாக இரண்டு எல்டர்கள் வந்திருக்கிறார்கள். ஒருவர் வடக்கே இருந்து வந்தவர், தெலுங்கு சுத்தமாக வராது, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். கோங்குரா (புளிச்சக்கீரை) காரம் அவருக்கு இன்னும் பழகவில்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், நீங்களே பார்த்துக் குறைத்து வையுங்கள். இஸ்திரி அண்ணா, அவர்கள் சட்டையும் இனி உங்களிடம்தான் வரும். தாத்தா, வியாழக்கிழமை சாயங்காலம் அவர்களுக்கு வேலை எதுவும் இல்லையாம், கேட்டுவிட்டேன். பேரனின் காலேஜ் சேர்க்கைக்குக் கோவை வரும்போது லாட்ஜில் தங்கக் கூடாது, நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அம்மா இப்போதே அறையை ஒழித்து வைத்துவிட்டார்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் கோயம்புத்தூர் எல்டர்