விண்ணப்பத்தின் குறைகளை ஒரே தடவையில், எழுத்தில் தெரிவிக்க உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்
தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சூளகிரி பகுதிகளில் மனு எழுதிக்கொடுப்போர் மற்றும் ஓய்வுபெற்ற வருவாய்த்துறைப் பணியாளர்கள்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: வருவாய்த்துறை – பட்டா மாறுதல், வாரிசுச் சான்று விண்ணப்பங்கள் – குறைபாடுகளை ஒரே தடவையில், கையொப்பத்துடன் எழுத்தில் தெரிவிக்க உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பட்டாவோ சான்றோ கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. ஒரு விண்ணப்பம் நின்றால், ஏன் நிற்கிறது என்பதை விண்ணப்பித்தவரிடம் தாளில் எழுதிக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. முடியாது என்று எழுதிக் கொடுக்கும் அலுவலரோடு எங்கள் மக்களுக்கு வழக்கில்லை; மேலே போக வழி இருக்கிறது. “அடுத்த வாரம் வாங்க, பாக்கலாம்” என்ற வாய்வார்த்தைக்கு மேல்முறையீடு எங்கே செய்வது?

அதிகம் இழுபடுவது இறந்தவர் பெயரிலுள்ள பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுவது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூல ஆவணம், வில்லங்கச் சான்று, அடையாள அட்டை எல்லாம் கையில் இருந்தாலும் பெயரில் வந்து நிற்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் பகுதி இது. வீட்டில் மாதப்பா, பழைய பட்டாவில் மாதப்பன், ஆதாரில் மாதா. மனைவி குடும்ப அட்டையில் நாகம்மா, இறப்புச் சான்றில் நாகம்மாள். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதுதானே தவிர இதில் யாருடைய மோசடியும் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரித்து, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலானவை தீரும். அதைச் செய்யாமல் முதல் தடவை நோட்டரி உறுதிமொழி, அடுத்த தடவை ஆதார் திருத்தம், மூன்றாம் தடவை புதிய வில்லங்கச் சான்று என்று தவணை முறையில் கேட்பதுதான் மக்களை அலைய விடுகிறது. மூன்றையும் முதல் நாளே கேட்டிருந்தால் ஒரே பயணத்தில் முடிந்திருக்கும்.

அந்தப் பயணமும் லேசானதில்லை. அஞ்செட்டி மலைக்கிராமத்துக்காரர் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய கூலி போகும். இருட்டினால் யானை நடமாடும் சாலையில் திரும்ப வேண்டும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. இ-சேவையில் விண்ணப்பிக்கும்போது குடிமக்கள் கணக்கு எண், அதாவது கேன் எண், உருவாக்குவார்கள். முதியவரிடம் போன் இல்லையென்றால் மையத்தில் இருப்பவர் தன் எண்ணையோ பக்கத்தில் நிற்பவர் எண்ணையோ போட்டுவிடுவதுண்டு. கூடுதல் ஆவணம் கேட்டு விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டால் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகும். உரியவருக்குத் தெரியாமலே நாள் கடந்து விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். பிறகு கட்டணம் கட்டி மறுபடி முதலிலிருந்து. அலுவலகம் ஒரு குற்றமும் செய்யவில்லை, விண்ணப்பித்தவரும் செய்யவில்லை, வேலை மட்டும் நடக்கவில்லை.

தள்ளுபடி உத்தரவின் வாசகத்தையும் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ‘போதிய ஆவணங்கள் இல்லை’ என்ற ஒரே வரி. எந்த ஆவணம் என்று இராது. தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம், 1983 வட்டாட்சியர் நிலை உத்தரவுக்கு எதிராகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் தந்திருக்கிறது. காரணம் எழுதாத உத்தரவை எதிர்த்து அந்த மேல்முறையீட்டில் என்னவென்று வாதாடுவது? கடைசியில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 30 நாள் காத்திருந்து, தன் கோப்பில் என்ன குறை என்று விண்ணப்பித்தவரே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் தயாரிப்பதும் அந்தக் கோப்பைப் பார்க்கும் அதே எழுத்தர்தான். அவருக்கும் இரட்டை வேலை.

அளவுக் கணக்கிலும் வீண் தகராறு வருகிறது. பழைய கிரயப் பத்திரத்தில் 1 ஏக்கர் என்றிருக்கும், பட்டாவில் 0.40.5 ஹெக்டேர், அதாவது 40.5 ஏர். 1 ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட், ஆகவே 40.5 ஏர் நூறு சென்ட்தான், அதே 1 ஏக்கர். இதை ‘பரப்பு வேறுபாடு’ என்று குறித்து நில அளவருக்கு அனுப்பினால், நிலத்தை அளந்து பிரிக்கும் உட்பிரிவு தேவைப்படாத விண்ணப்பமும் உட்பிரிவு விண்ணப்பங்களின் வரிசையில் போய் நிற்கும்.

நல்ல அலுவலர்கள் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இருப்பதால்தான் இந்த மனு. விண்ணப்பத்தின் பின்பக்கம் பென்சிலில் ‘தாய்ப்பத்திர நகல், 2 போட்டோ, மூத்த மகன் கையெழுத்து’ என்று எழுதித் தரும் எழுத்தர்கள் இருக்கிறார்கள். எந்தக் கிழமை எந்த ஊரில் இருப்பேன் என்று அலுவலகக் கதவில் ஒட்டி, சொன்னபடி அங்கே இருக்கும் கிராம நிர்வாக அலுவலர்கள் இருக்கிறார்கள். வாரிசுகளிடம் முதலிலேயே, “எல்லார் பேரும் சேர்த்துக் கூட்டுப் பட்டா போதுமா, பிரிச்சுத் தனித்தனியா வேணுமா? தனின்னா பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு பண்ணி, அளந்து உட்பிரிவு செய்யணும்” என்று விளக்கும் துணை வட்டாட்சியர்களும் உண்டு. அந்த ஒரு கேள்வி மிச்சப்படுத்தும் மாதங்கள் பல. ஆனால் இப்படிப்பட்டவர் மாறுதலில் போனால் அந்த வழக்கமும் அவரோடு போய்விடுகிறது.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாமே என்று கேட்கலாம். கொடுக்கிறோம். ஓசூரிலிருந்தே கிருஷ்ணகிரி சுமார் 50 கி.மீ.; அதற்கு அப்பாலிருந்தும் வருகிறார்கள். அந்த மனு பதிவாகி, எந்த அலுவலகத்தின் மேல் குறை சொல்லப்பட்டதோ அதே அலுவலகத்துக்கே நடவடிக்கைக்கு வருகிறது. ‘மனுதாரருக்கு உரிய விளக்கம் அளிக்கப்பட்டது’ என்ற பதிலோடு முடிக்கப்படுகிறது. விளக்கம் என்னவென்று மனுதாரரைக் கேட்டால் அவர் நம் முகத்தைப் பார்ப்பார்.

எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி. கர்நாடகத்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ‘சகாலா’ நடக்கிறது: சேவைக்குக் கெடு உண்டு, கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் ஈட்டுத்தொகை கேட்கலாம். தொகை சிறிது. ஆனால் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கையில் இருப்பதால் பேச்சே வேறு மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் உள்ள எங்கள் மக்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தடுக்க முடியாது.

சட்டம் இயற்றுவது தங்கள் கையில் இல்லை என்பதை அறிவோம். தங்கள் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை போதும். குறை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதி, பெயர், பதவி, தேதியுடன் தர வேண்டும்; அதன்பின் புதிதாக ஏதும் கேட்பதாயின் வட்டாட்சியரின் ஒப்புதல் வேண்டும். தாளில் தரும் மனுவைத் தபால் பிரிவில் வாங்கும்போதே ந.க. எண் (கோப்பு எண்) இட்டு, எழுத்தர் தனக்கு வரும் தாள்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தள்ளுபடி உத்தரவில், எந்த ஆவணம் இல்லையோ அதன் பெயரும், யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பதும் இருக்க வேண்டும். இ-சேவை மையங்களில் விண்ணப்பதாரர் வீட்டாரின் போன் எண்ணை மட்டுமே பதிய வேண்டும். ஓர் அலுவலகத்தின் மேல் வந்த திங்கட்கிழமை மனுவை, அதற்கு மேல்நிலை அலுவலர் மனுதாரரிடம் பேசிய பிறகே முடிக்க வேண்டும். முதலாவது ஒன்று நடந்தாலே மற்றவை பாதி தீரும் என்பது எங்கள் கணிப்பு.

சீட்டு இப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: குறைச் சீட்டு மாதிரி

விண்ணப்ப எண், நாள்:
தர வேண்டிய ஆவணங்கள்:
அவை ஏன் தேவை:
எந்த அலுவலகத்தில் வாங்குவது:
தர வேண்டிய கடைசி நாள்:
இவற்றைத் தவிர வேறு ஆவணம் தேவையில்லை.
அலுவலர் பெயர், பதவி, கையொப்பம், நாள்: