ஸ்கேன் நார்மல், வீட்டுக்கு வந்த பிறகு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைக்கிலிருந்து விழுந்தோ, கபடி, கிரிக்கெட் ஆடும்போதோ தலையில் அடிபட்டு வருபவர்களை, 'சி.டி. நார்மல்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்து என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் எழுதித் தருவதில்லை. சிலர் மறுநாளே மைதானத்தில் இறங்குகிறார்கள். சில பிள்ளைகளை வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைக்கிறார்கள். இரண்டுமே தவறு.

சி.டி. முக்கியமாகக் காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான். கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வில் பழுதாவது மூளையின் செயல்பாடு. நரம்பு செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிக்கட்ட செல்லுக்குக் கூடுதல் சக்தி வேண்டும்; அந்த நேரம் பார்த்து மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம், படித்தது மனதில் நிற்காதது எல்லாம் இதனால்தான். அறிகுறிகள் தாமதமாகவும் வரலாம். 2019 லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பவுன்சர் கழுத்தில் பட்ட ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித், பரிசோதனையில் தேறி மீண்டும் பேட் பிடித்தார். மறுநாள்தான் அறிகுறிகள் தெரிந்து ஆட்டத்திலிருந்து விலகினார். மருத்துவர்கள் சூழ்ந்த மைதானத்திலேயே இப்படி என்றால், பள்ளி மைதானத்தில் முகத்தில் தண்ணீர் தெளித்து மறுபடி ஆடவிடுவதை என்னவென்று சொல்வது? முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அரிதாக, வளரும் பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிரே போகலாம்.

விளையாட்டில் ஏற்படும் கன்கஷன் பற்றிய 2022 ஆம்ஸ்டர்டாம் சர்வதேச மாநாட்டில் நிபுணர்கள் ஒப்புக்கொண்ட முறை எளிமையானது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. ஆனால் படுத்தே கிடக்க வேண்டாம். வீட்டுக்குள் நடக்கலாம், குளிக்கலாம். செல்போன், டி.வி.யைக் குறைக்க வேண்டும். மருத்துவர் பார்த்து அனுப்பிய பிறகு தூங்கவிடலாம், தூக்கம் நல்லது.

அதன் பிறகு, லேசான தலைவலி மிச்சமிருந்தாலும், 15, 20 நிமிட நடையைத் தொடங்கலாம். 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்ச நாடித்துடிப்பு. 16 வயதுப் பையனுக்கு அது 204. முதலில் துடிப்பு அதில் 55 சதவீதம், அதாவது 112-க்குள் இருக்க வேண்டும். மணிக்கட்டில் 15 விநாடி எண்ணினால் 28 துடிப்பு. அது ஒத்துக்கொண்டால் 70 சதவீதம் வரை, 15 விநாடிக்கு 35. தொடங்கும் முன் தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று அவனையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினால் அன்று நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். அடுத்து தனிப் பயிற்சி, மோதல் இல்லாத குழுப் பயிற்சி, முழுப் பயிற்சி, போட்டி. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள். மோதலுக்கு வாய்ப்புள்ள கட்டத்துக்குப் போகுமுன் மருத்துவர் அனுமதி கட்டாயம். பள்ளிக்கு முழு நேரம் போக முடியாத பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பவே கூடாது.

பத்து நாள் கழித்தும் தலைசுற்றலோ கழுத்துவலியோ தொடர்ந்தால், காரணம் கழுத்தாகவோ உட்காதாகவோ இருக்கலாம். படுக்கையில் புரளும்போது மட்டும் சுற்றினால், பெரும்பாலும் உட்காதின் நுண்கற்கள் இடம் மாறியிருக்கும். தலையைக் குறிப்பிட்ட நிலைகளில் திருப்பியே சரிசெய்துவிடலாம். இது தெரியாமல் மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்குபவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி அல்லது மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, மூக்கு அல்லது காதிலிருந்து தெளிந்த நீர் என எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். அரசு, தனியார் மருத்துவமனைகள் இதைத் தமிழில் அச்சிட்டு டிஸ்சார்ஜ் சீட்டுடன் இணைத்துத் தர சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். தலையில் அடிபட்டு, கன்கஷன் என்ற சந்தேகம் வந்தாலே அந்த மாணவரை அன்று மீண்டும் களமிறக்கக் கூடாது என்ற விதியைப் பள்ளிக் கல்வித் துறை தன் விளையாட்டுப் போட்டிகள் அனைத்திலும் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
விளையாட்டுப் பிசியோதெரபிஸ்டுகள் சிலர்,
மதுரை