மிதிவெடி எடுக்கிறதை ஆரிட்டப் படிக்கவேணும்?

ஆசிரியருக்கு வணக்கம்,

உக்ரைன் ஆமிக்கு வெடிபொருள் அகற்ற எந்தெந்த நாடுகள் ட்ரெயினிங் குடுக்கினம் எண்டு உங்கட பேப்பரில வந்த கட்டுரை வாசிச்சன். ஸ்லோவாக்கியாவில ட்ரென்சினில இருக்கிற நேட்டோ சென்டர், போலந்தில வச்சு பிரிட்டிஷ் எஞ்சினியர் படை குடுக்கிற ட்ரெயினிங் எல்லாம் எழுதியிருந்தீங்கள், நல்லது. ஆனா கம்போடியாவைப் பற்றி ஒரு வரி கூட இல்ல, அதுதான் மனசு கேக்கேல்ல, எழுதுறன்.

2023 ஜனவரியில உக்ரைன்காரர் கம்போடியாவுக்குப் போய்ப் படிச்சவை. போனது ஆமி இல்ல, அவசரகாலச் சேவை ஆக்கள். படிப்பிச்சது சிமாக் எண்ட, மிதிவெடி அகற்றுற கம்போடிய அரசாங்க நிறுவனம், உதவி ஜப்பான். ஜப்பான்ட அலிஸ் எண்ட மிசினிலதான் பழக்கினவை. அது தொஹோகு யூனிவர்சிட்டியில உருவானது, இரும்பு இருக்கெண்டு சத்தம் போடுறதோட நிக்காம மண்ணுக்குள்ள கிடக்கிற சாமான்ட உருவத்தையும் ஸ்கிரீனில காட்டும். இதின்ட அருமை இந்த வேலை செய்தவைக்குத்தான் விளங்கும், ஏனெண்டா சண்டை நடந்த நிலத்தில டிடெக்டர் பிடிச்சா ஆணி, ஷெல் துண்டு, சன்னக் கோது எல்லாத்துக்கும் கத்தும், ஒவ்வொண்டையும் மிதிவெடி எண்டு நினைச்சுத்தான் கிண்டவேணும்.

நான் இலங்கையின்ட வடக்கில பளைப் பக்கம் ஆறு வருசம் மிதிவெடி எடுத்தனான். முதல் ட்ரெயினிங் தந்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர். அவர் இங்கிலிஷில சொல்ல ஒரு தம்பி தமிழில சொல்லுவார், அந்தத் தம்பி மண்ணுக்குள்ள ஒருநாளும் கை வச்சதில்ல. மண்ணைக் குத்தி மிதிவெடி தேடுற கம்பியை முப்பது பாகை சரிவில விடச் சொன்னதை 'முப்பது தரம் குத்துங்கோ' எண்டு சொல்லிப்போட்டார். பிறகு பழைய செக்சன் லீடர் அக்கா ஒராள் வெறும் மிதிவெடிக் கோது ஒண்டை மணலுக்க தாட்டுவச்சு, என்ர கைக்கு மேல தன்ர கையை வச்சு, கம்பியைச் சரிச்சு மெல்ல மெல்ல உள்ள விட்டுக் காட்டினா. பக்கவாட்டில போய்த் தட்டுப்படவேணும், மேல் மூடியில அமத்தினா வெடிச்சிடும். அந்தச் சின்ன 'டொக்' இண்டைக்கும் என்ர விரலில இருக்கு.

கம்போடியாவில 1979க்குப் பிறகு மிதிவெடியாலயும் வெடிக்காத குண்டாலயும் இருபதாயிரம் பேர் அளவில செத்துப்போச்சினம். சிமாக் தொடங்கினது 1992ல. 2006ல இருந்து அவையின்ட ஆமி ஐ.நா.வுக்காக சூடான், லெபனான் எண்டு போய் வெடிபொருள் எடுக்குது. வெளியால ஆக்கள் வந்து பழக்கின நாடு இப்ப மற்றவைக்குப் பழக்குது. இதெல்லாம் ரெண்டு கிழமை கோர்ஸ் வச்சு சேர்ட்டிபிக்கட் குடுத்து போட்டோ எடுத்து வந்ததில்ல. வெடிபொருள் அகற்றுற வேலைக்கான சர்வதேசத் தரத்திலயே லெவல் 1 படிச்ச ஆள் வெடிபொருளைக் கிடந்த இடத்திலயே அழிக்கத்தான் பழகினவர், கிட்டப் போய் செயலிழக்கச் செய்யிறது லெவல் 3. அதுக்கு வருசக்கணக்கில அனுபவம் வேணும், பக்கத்தில நிண்டு பாக்க தெரிஞ்ச ஆளும் வேணும்.

எங்களிட்டயும் அந்த அனுபவம் இருக்கு. இஞ்ச கிடக்கிற பி-4 எண்ட மிதிவெடி வகையில இரும்பு நல்லாக் குறைவு, டிடெக்டருக்கு லேசில அம்பிடாது, அதால நீளப் பிடியும் பல்லும் வச்ச றேக்கால மண்ணை இழுத்திழுத்து எடுக்கிற முறையே இந்த மண்ணிலதான் வளந்தது. இலங்கை 2017 டிசம்பரில மிதிவெடியைத் தடைசெய்யிற ஒட்டாவா ஒப்பந்தத்தில சேந்தது, மிதிவெடி எல்லாம் எடுத்து முடிக்கவேண்டிய தவணை 2028 ஜூன். முடிஞ்சா இப்ப மிதிவெடி எடுக்கிற இந்தப் பிள்ளையள் எங்க போறது? கனபேர் குடும்பத்தைத் தனியச் சுமக்கிற பெண்கள். ஆமி எஞ்சினியர்மாரும் இவையும் சேந்து மற்ற நாட்டு ஆக்களுக்குப் படிப்பிக்கிற ஒரு சென்டர் வடக்கில வரவேணும். ஆமியோட பக்கத்தில நிண்டு படிப்பிக்கிறது எங்கட ஆக்களுக்கு லேசில்ல, எனக்கும் லேசில்ல. எண்டாலும் நான் போவன், ஏனெண்டா உக்ரைனில கார்கிவில வயலுக்கு இறங்கப் பயந்து நிக்கிற மனிசி எப்பிடி நிப்பா எண்டு எனக்குத் தெரியும், 2010ல நாங்கள் காணிக்குத் திரும்பேக்க வேலிக்கு வெளியால அப்பிடித்தான் நிண்டனாங்கள்.

அடுத்தமுறை இதைப் பற்றி எழுதேக்க எங்கட பக்கம் முகமாலையில மிதிவெடி எடுக்கிற பிள்ளையளிட்டயும் ஒருக்காக் கதைச்சு எழுதுங்கோ.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பளை