மாத்திரைச் சீட்டோடு இன்னொரு சீட்டும் வேண்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீடுதேடிக் கொண்டுபோகிறார்கள். போகிற வீட்டில் மனச்சோர்வையும் கேட்டறியலாம். ஆனால் மதிப்பெண்ணோடு நின்றுவிடக் கூடாது.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம் (PHQ-9) தாங்கள் அறிந்ததே. கடந்த 2 வாரங்களைப் பற்றி ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3; மொத்தம் 27; 10 வந்தாலே மருத்துவர் பார்க்க வேண்டும். ஏன் வந்தது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. வாரத் தவணையை நினைத்துத் தூக்கம் போனவருக்கும் 14 வரும், குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு இருப்பவருக்கும் 14 வரும். இருவருக்கும் ஒரே மாத்திரை. மாத்திரை தேவைப்படுபவருக்குக் கட்டாயம் தர வேண்டும். அது வேலைசெய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் தவணைக்காரர் எத்தனை முறை வாசலில் நிற்பார்!

லண்டன் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிசும் 1978-இல் சொன்னது இதுதான்: பெரும் இழப்போ தீராத நெருக்கடியோ வந்தபோது, மனம்விட்டுப் பேச ஆளில்லாதவர்களே அதிகம் சோர்வில் விழுந்தார்கள்.

ஆகவே படிவத்தின் பின்பக்கத்தில் கடன், அடி, குடி, வேலையிழப்பு, பேச ஆள் உண்டா என்ற ஐந்து கேள்விகளைச் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்து எங்கே அனுப்புவது என்பதும் அங்கேயே இருக்கட்டும். கடன் என்றால், ரிசர்வ் வங்கியின் 2022 விதியைத் தன்னார்வலர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்: குறுங்கடன் (மைக்ரோ ஃபைனான்ஸ்) தரும்போது, குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. அடி என்றால் பெண்கள் உதவி எண் 181, மாவட்டப் பாதுகாப்பு அலுவலர். எண்ணை மட்டும் எழுதிக்கொடுத்தால் போதாது. சம்மதம் பெற்று, கூடவே இருந்து பேசவைக்க வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் கேட்கும் இடத்தில்தான். மாமியார் எதிரில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்ற பதிலே வரும். தனியாக, தூக்கம், பசி, அசதியிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். அடி பற்றிய குறிப்பை வீட்டில் விட்டுவரும் அட்டையில் எழுதவே கூடாது.

ஒன்பதாவது கேள்வி, சாகும் எண்ணம் பற்றியது. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயந்து தாண்டிவிடுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. "ஆமாம்" என்றால் மொத்தம் 4 ஆனாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். அதுவரை அவரைத் தனியே விடக் கூடாது. வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்தி, மனநல உதவி எண்ணான 14416-ஐ உடனே அழைக்க வேண்டும்.

இது கூடுதல் வேலை. அதற்குத் தனி ஊக்கத்தொகையும் பயிற்சியும் ஒதுக்கி, முதலில் ஒரே ஒரு வட்டாரத்தில் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
சமூக மனநலப் பணியாளர்கள்